ஆடிட் நாள் கண்ணாடி

ஆடிட் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு இன்றும் வயிறு எரியும். திருப்பூரில் பிழைக்கிறவர்களுக்கு அது என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நம் ஊர்ப் பனியனை வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனி, இங்கே வேலைக்காரர்களை ஒழுங்காக வைத்திருக்கிறார்களா என்று பார்த்துவர ஆள் அனுப்பும். அந்த ஆள் வருகிற அன்றைக்கு கக்கூஸில் சோப்பு இருக்கும். முதலுதவிப் பெட்டிக்குள் மருந்து இருக்கும். வாசலில் நிற்கிற செக்யூரிட்டி கூட சிரித்துப் பேசுவார். ஆடிட்டுக்கு வந்தவரின் கார் பல்லடம் ரோட்டில் ஏறியதும் எல்லாம் பழையபடி ஆகிவிடும்.

அப்படி ஒரு கம்பெனியில்தான் அப்பா பிட்டராக இருந்தார். அம்மா அங்கேயே, தைத்த பனியனில் குறை பார்க்கிற செக்கிங்கில் இருந்தாள். துணி ரோல் அடுக்குகிற ரேக், அயர்ன் டேபிளின் கால், ஜன்னல் கம்பி என்று எந்த இரும்பு உடைந்தாலும் அப்பாவைத்தான் கூப்பிடுவார்கள். அவர் கிரைண்டிங் மிஷினைத் தூக்கிக்கொண்டு போவார். மாவாட்டுகிற கிரைண்டர் இல்லை, கையில் பிடித்து இரும்பை அறுக்கிற மிஷின். அதன் சக்கரத்தைப் பாதி மறைத்தாற்போல் தகட்டில் ஒரு மூடி இருக்க வேண்டும். சக்கரம் உடைந்தால் சில்லு ஆளின் மேல் பாயாமல் தடுப்பது அதுதான். அப்பாவின் மிஷினில் அது கிடையாது. கண்ணுக்குக் கண்ணாடியும் கிடையாது. கட்டிங் டேபிளுக்கு அடியில் விழுந்து கிடக்கிற பனியன் வேஸ்டில் நீளமாக ஒரு துண்டை எடுத்து மூக்கையும் வாயையும் கட்டிக்கொள்வார். கண்ணைச் சுருக்கிக்கொள்வார். அவ்வளவுதான் பாதுகாப்பு. எங்கள் ஊரில் எண்ணெய் துடைப்பதற்கும் பனியன் வேஸ்ட், சுடுகிற பாத்திரத்தை இறக்குவதற்கும் பனியன் வேஸ்ட். அதனால் அது போதாது என்று யாருக்கும் தோன்றவில்லை.

அடுத்த கூத்தைக் கேளுங்கள். ஆடிட்டுக்கு வேண்டிய சாமான்களில் குழந்தைகளும் அடக்கம். வேலைக்கு வருகிற பெண்களின் பிள்ளைகளுக்குக் கம்பெனியில் காப்பகம் இருக்க வேண்டுமாம். அட்டைப்பெட்டி அடுக்கி வைத்திருந்த ஓர் அறையைக் கழுவிவிட்டு, சுவரில் வாத்துப் படம் வரைந்துவிட்டார்கள். பிள்ளைகளுக்கு எங்கே போவது? உங்கள் வீட்டுப் பிள்ளையை நாளைக்குக் கூட்டி வாருங்கள் என்று மேனேஜரே அப்பாவிடம் கேட்டிருக்கிறார்.

"பள்ளிக்கூடத்த உட்டுப்போட்டு எதுக்குங்க?" என்றாள் அம்மா.

மேனேஜர் வாய் திறந்து கேட்டபிறகு மாட்டேன் என்று சொல்கிற ஆளா அப்பா. எனக்கு ஆறு வயது முடிந்திருந்தது. யாராவது கேட்டால் ஐந்து என்று சொல்ல வேண்டும் என்று சூப்பர்வைசர் அக்கா எனக்குச் சொல்லிக்கொடுத்தார். கையில் ஒரு பொம்மையையும் கொடுத்தார். மஞ்சள் முடி வைத்த, படுக்க வைத்தால் கண்ணை மூடுகிற பொம்மை. அதற்காக மூன்று வயது என்று சொல்லவும் நான் தயாராக இருந்தேன்.

அந்த அறையின் ஜன்னலிலிருந்து பார்த்தால் பின்பக்கத்துக் களம் தெரியும். அங்கே அப்பா நின்றார். அவர்தான் அப்பா என்று கண்டுபிடிக்கவே எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. மார்பிலிருந்து முழங்கால்வரை தோல் அங்கி, முழங்கைவரை கையுறை, கண்ணில் பெரிய கண்ணாடி. மிஷினில் பளபளவென்று புது மூடி. ஆடிட்டுக்கு வந்திருந்த அம்மாள் ஏதோ கேட்க, அப்பா இரண்டு கையாலும் மிஷினை இறுகப் பிடித்துக்கொண்டு, ஒரு பைப்பை அறுத்துக் காட்டினார். பொறியெல்லாம் ஒழுங்காகத் தரையைப் பார்த்து விழுந்தது. போட்டோ எடுத்தார்கள். அது எங்கப்பா என்று அறையிலிருந்த ஒவ்வொரு பிள்ளையிடமும் போய்ச் சொன்னேன். பேசத் தெரியாத கைக்குழந்தையைக்கூட விடவில்லை.

கார் போயிற்று. டீ வருவதற்குள் சூப்பர்வைசர் அக்கா ஓர் அட்டைப்பெட்டியோடு வந்து, என் கையிலிருந்த பொம்மையைப் பிடுங்கினார். நான் தரையில் விழுந்து புரண்டேன்.

"அழுகாத கண்ணு. நாளைக்கு ரெண்டாவது யூனிட்ல ஆடிட்டு. அங்க வேணுமல்ல?"

பொம்மையைப் பெட்டிக்குள் போட்டார். அப்பா வந்தார். கண்ணாடியைக் கழற்றி, பனியன் வேஸ்டால் துடைத்து, கீறல் படாமல் பொம்மையின் பக்கத்தில் வைத்தார். கையுறையை மடித்து வைத்தார். அங்கியை வைத்தார். மிஷினிலிருந்த புது மூடியைத் தன் கையாலேயே கழற்றி வைத்தார். அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரமெல்லாம் பொம்மைக்காகத்தான். இன்றைக்கு நினைத்தால், அந்தக் கண்ணாடியை அவர் அத்தனை பதமாகத் துடைத்து வைத்தாரே, அதற்குத்தான் நெஞ்சு கொதிக்கிறது. தன்னுடைய கண்ணுக்கு வாங்கியதை இரவல் வாங்கிய சாமான்போலத் திருப்பிக் கொடுத்தார் மனுஷன்.

அந்த வாரமே நடந்தது. ரேக்கின் மூலையில் மிஷினை உள்ளே விட்டு அறுக்கும்போது சக்கரம் இறுகிக்கொண்டு உடைந்தது. ஒரு சில்லு அப்பாவின் வலது கண்ணில் பாய்ந்தது. பள்ளிக்கூடத்திலிருந்து என்னைப் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்கள். அப்பாவின் பாதி முகம் பஞ்சும் கட்டுமாக இருந்தது.

பிறகு ஒருநாள் மேனேஜர் ஆஸ்பத்திரிக்கு வந்தார். ஆப்பிளும் சாத்துக்குடியும் கொண்டுவந்தார். விபத்தை விசாரிக்கிறவர் என்று ஒருவரும் கூட வந்தார். மேனேஜரின் பேச்சில் ஒரு மரியாதைக் குறைவு சொல்ல முடியாது.

"கண்ணாடியெல்லாம் நாம குடுத்திருக்கறமுங்க. போடறதும் போடாததும் அவிய இஷ்டம். நாம என்னங்க பண்றது?"

அப்பா, "அது ஆடிட்டுக்கு..." என்று ஆரம்பித்தார். மேனேஜர் அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். அப்பா நிறுத்திக்கொண்டார். செக்கிங் டேபிளில் அம்மாவுக்கு இருந்த இடம் அவருக்கு நினைவு வந்திருக்கும். ஆனால் அம்மா நிறுத்தவில்லை.

"பொய்யுங்க. ஒரு நாளும் குடுத்ததில்லீங்க. யாரை வேணா கேளுங்க."

"யாரையோ எதுக்குங்க கேக்கோணும்?" என்று சொல்லிவிட்டு மேனேஜர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "பாப்பாவே அன்னைக்கு அங்கதான இருந்துச்சு. கண்ணு, அப்பா கண்ணாடி போட்டுட்டு வேலை செஞ்சதப் பாத்தியல்ல?"

"பாத்தனுங்க," என்றேன். "பெரிய கண்ணாடி. கையிலயும் போட்டிருந்தாரு. எங்கப்பாதான் அங்க எல்லாத்தையும் விட அழகா இருந்தாரு."

கூட வந்தவர் தலையாட்டினார். அதற்குமேல் யாரையும் எதுவும் கேட்கவில்லை. இத்தனை பெரிய கம்பெனிக்கு, வெளியே காரை நிறுத்திவிட்டு வந்த மனிதருக்கு, தப்பித்துக்கொள்ள ஓர் ஆறு வயதுப் பிள்ளையின் வாய்தான் கிடைத்தது. அப்பாவின் கவனக்குறைவு என்று முடித்துவிட்டார்கள். வலது கண்ணில் பார்வை திரும்பவே இல்லை. கேட்டில் செக்யூரிட்டி வேலை கொடுத்தார்கள். அதையும் பெருந்தன்மை என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். தூ.

மேனேஜர் புறப்படும்போது என் கன்னத்தைத் தட்டி, பையிலிருந்து பெரிய ஆப்பிளாகப் பார்த்து எடுத்து என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அவர் தலை மறைந்ததும் அம்மா என்னை அடிக்கக் கையை ஓங்கினாள். அப்பா கட்டிலில் படுத்தபடியே அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உடு. பாத்ததத்தான சொன்னா."

பிறகு என்னைப் பக்கத்தில் இழுத்து, மிச்சமிருந்த ஒரு கண்ணால் பார்த்தார்.

"நெசமாவே அழகா இருந்தனா கண்ணு?"

"ஆமாங்ப்பா," என்றேன்.

அம்மா சுவர்ப்பக்கம் திரும்பி, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். நான் போய் ஆப்பிளை நீட்டினேன். வாங்கவில்லை. அம்மாவுக்கு ஆப்பிள் பிடிக்காது என்று நினைத்துக்கொண்டு, நானே கடித்துத் தின்றேன்.