படத்தில் இருப்பவரின் சம்மதம்

கிளிநொச்சியில் நான் படிவங்கள் நிரப்பிக் கொடுக்கும் கடைக்கு, முல்லைத்தீவுக் கரையிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தார் அந்தக் கருவாட்டுக்கார அம்மா. கழுத்தில் செபமாலை, காலில் தேய்ந்த செருப்பு. மேசையில் இரண்டு கருவாட்டுப் பைக்கற்றுகளை வைத்தார். இரண்டிலும் ஒரே பெயர், ஒரே இளைஞனின் படம். ஒன்று அவருடையது, மற்றது யாரோ பார்த்து அச்சடித்த போலி. கதைக்கும்போதெல்லாம் பெருவிரலால் அந்த முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். போலியில் இருந்த முகத்தையும்.

பெயரையும் படத்தையும் வியாபாரக் குறியாகப் பதிந்துவிட்டால் போலி அடிப்பவனைத் தடுக்கலாம் என்று சொல்லி, படிவத்தை நிரப்பத் தொடங்கினேன். "படத்தில இருக்கிறது ஆர், அம்மா? அவரின்ரை சம்மதக் கையெழுத்து வேணும்."

"என்ரை மகன். கடைசிச் சண்டைக்குள்ளை காணாமல் போனவன்."

தயங்கித்தான் சொன்னேன். "அப்ப மரணச் சான்றிதழ்..."

"அதை எத்தினை தரம் அரசாங்கத்து ஆக்கள் தர வந்தவை. நான் வாங்கேல்லை."

"படத்தை எடுத்துப்போட்டு ஒரு மீனைப் போடுவமே?"

"மீனை ஆர் தம்பி தேடுறது?" குரலில் கோபமில்லை, களைப்புத்தான். போலியைக் கையில் எடுத்தார். "இது எங்கையெல்லாம் விக்குது?"

"கொழும்பிலயும் கண்டனான்."

"என்ரை பைக்கற்று வவுனியாவைத் தாண்டாது." படிவத்தை என் பக்கம் தள்ளிவிட்டு எழுந்தார். "அவன் இதை அடிச்சு விக்கட்டும். அங்கையும் ஆராவது இவனைக் காணட்டும்."

பாதி நிரப்பிய அந்தப் படிவம் இன்னும் என் மேசை லாச்சியில் கிடக்கிறது. கிழித்தெறிய எனக்கும் மனம் வரவில்லை.