இருமுறை கூட்டிய வெளிச்சம்

வசந்தகுமாரி ஆவடிக்கு வந்த புதிதில் அவளுக்குக் காக்கையையும் கொக்கையும் தவிர வேறு பறவை தெரியாது. இதை அவளே சொல்லிச் சிரிப்பாள். அம்பத்தூர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் அவளுக்கு வேலை. கணவர் உத்தமனுக்கு டாங்கி செய்கிற பாக்டரியில், அளவு சரிபார்க்கும் பிரிவில். இருவரும் திருநெல்வேலிக்காரர்கள். பாக்டரி குவார்ட்டர்ஸில் குடியிருந்தார்கள்.

நான் கிறிஸ்துதாஸ். ஆவடி மார்க்கெட் தெருவில் என் மனைவி பெயரில் 'சாராள் ஸ்டூடியோ' வைத்திருந்தேன். பாஸ்போர்ட் படத்துக்குப் பல்லைக் காட்டுகிறவர்களையும் கல்யாணப் படத்துக்கு முறைக்கிறவர்களையும் பார்த்துப் பார்த்து எனக்குச் சுள்ளென்று கோபம் வரும். அந்தக் கோபத்தைக் கொஞ்சமும் பொருட்படுத்தாமல் கடைக்கு வந்துபோன ஒரே வாடிக்கையாளர் வசந்தகுமாரிதான்.

அவள் தம்பி துபாயிலிருந்து வரும்போது ஒரு காமிராவும் இருநூறு எம்எம் லென்ஸும் கொண்டுவந்து கொடுத்தான். குழந்தை இருக்கிற வீட்டுக்குக் காமிரா வந்தால் ரோல் முழுக்கக் குழந்தைதான் இருக்கும். இவர்கள் வீட்டில் குழந்தை இல்லை. கல்யாணமாகிப் பத்து வருஷத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. டாக்டர்களும் கையை விரித்துவிட்டார்கள். அவள் முதல் ரோலில் உத்தமனை இரண்டு படம் எடுத்தாள். அந்த மனுஷன் விறைத்துக்கொண்டு நின்றதைப் பார்த்து அலுத்துப்போய், மீதியைப் பருத்திப்பட்டு ஏரிக்கரையில் போய்த் தீர்த்துவிட்டு வந்தாள். கழுவிப் பார்த்தால் தண்ணீர், தண்ணீர், தண்ணீர். நடுவில் கடுகு மாதிரி ஏதோ ஒன்று.

"இது என்னம்மா?" என்றேன்.

"முக்குளிப்பான் அண்ணே. நல்லாப் பாருங்க, மூக்கு தெரியும்."

எனக்கு மூக்கு தெரியவில்லை. ஆனால் அன்றிலிருந்து அவளுக்குப் பித்துப் பிடித்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சைக்கிளில் ஏரிக்குப் போவாள். பின்னால் இன்னொரு சைக்கிளில், மூன்று கால் ஸ்டாண்டைத் தோளில் சாத்திக்கொண்டு உத்தமன் போவார். குவார்ட்டர்ஸில் அவரைக் கேலி செய்யாத ஆள் கிடையாது. பெண்டாட்டிக்குத் துப்பாக்கி தூக்குகிறவர் என்று ஒருவன் பெயரே வைத்தான். உத்தமன் அதற்கும் சிரிப்பார்.

இந்தத் தம்பதியைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். ஒருவர் மனசு நோகக்கூடாது என்று இன்னொருவர் பார்த்துக்கொள்வதில் இவர்களை மிஞ்ச ஆளில்லை. உத்தமனுக்குப் பிடிக்கும் என்று அவள் வாரம் தவறாமல் பாகற்காய் சமைத்தாள். ஆசையாகச் சமைக்கிறாளே என்று அவரும் ஒரு துண்டு விடாமல் சாப்பிட்டார். இரண்டு பேருக்குமே அது ஆகாது என்பது எனக்கும் சாராளுக்கும் தெரியும். அவர்களுக்குத் தெரியாது. நல்லவர்கள்தான், ஆனால் பார்க்கிறவர்களுக்குப் பைத்தியம் பிடித்துவிடும்.

பாகற்காயோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஒருநாள் பிரிண்ட் வாங்க வந்த உத்தமன், குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "அண்ணாச்சி, பூந்தமல்லி பக்கத்துல சிஸ்டருங்க நடத்துற ஹோம் இருக்குல்லா? ஒரு புள்ளைய எடுத்து வளக்கணும்னு எனக்கு ரொம்ப நாளா ஆசை. ஆனா அவகிட்ட எப்படிக் கேக்க? உனக்குப் பொறக்காதுன்னு நானே முடிவு கட்டுன மாதிரி ஆயிராதா? ஒடிஞ்சு போயிருவா."

அதே மாதம் வசந்தகுமாரி எங்கள் வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து சாராளிடம் அழுதாளாம். "அக்கா, ஒரு குழந்தைய எடுத்துக்கலாம்னு தோணுது. அவருக்கு ரத்த சொந்தம்னா உசுரு. நான் கேட்டா மறுக்க மாட்டார், எனக்காகச் சரின்னுருவார். அந்தச் சரி எனக்கு வேண்டாம்."

எனக்கு உடனே சைக்கிளை எடுத்துக்கொண்டு குவார்ட்டர்ஸுக்குப் போய் இரண்டு பேர் தலையையும் முட்டவைக்க வேண்டும் போல இருந்தது. சாராள் கதவை மறித்துக்கொண்டு நின்றாள். "நீ வாயத் தொறந்தேன்னா பாரு. இது அவங்களே பேசிக்க வேண்டிய பேச்சு. உன்னாண்ட சொன்னதே உன்ன நம்பித்தான்." அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. அதனால்தான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

எண்பத்தொன்பதில் உத்தமனுக்கு ஜபல்பூருக்கு மாற்றல் உத்தரவு வந்தது. அடுத்த வருஷம் பிறப்பதற்குள் கிளம்பியாக வேண்டும். ஊர் மாறிப் போகிறவர்களுக்கு, தெரிந்த முகம் எதுவும் இல்லாத இடத்தில், யார் நம்பிக் குழந்தை கொடுப்பார்கள்? இங்கே என்றால் ஹோமில் எங்கள் சபையார் நாலு பேர் இவர்களுக்காகச் சொல்வோம். நாள் போய்க்கொண்டிருந்தது, அவர்கள் இருவரும் பாகற்காய் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

போகிற வருஷம் ஒரு நல்ல படமாவது எடுத்துவிட வேண்டும் என்று வசந்தகுமாரி ஒரு டெலிகன்வர்ட்டர் கேட்டாள். பர்மா பஜாரில் தேடி வாங்கி வந்தேன். லென்ஸுக்கும் காமிராவுக்கும் நடுவில் மாட்டுகிற சின்னக் குழல் அது. இருநூறு லென்ஸ் நானூறு ஆகிவிடும், பறவை இரண்டு மடங்கு கிட்டே வரும். ஆனால் சும்மா கொடுக்காது. உள்ளே வருகிற வெளிச்சத்தில் முக்கால் பங்கைத் தின்றுவிடும். கண்ணை வைத்துப் பார்த்தால் பட்டப்பகலிலும் பொழுது சாய்ந்த மாதிரி இருக்கும். அதற்கு ஈடாக இரண்டு ஸ்டாப் கூட்ட வேண்டும். அதாவது நாலு மடங்கு வெளிச்சம் கொடுக்க வேண்டும். வாங்கிக்கொண்டு போக வந்த உத்தமனிடம் இதை நன்றாகச் சொல்லி அனுப்பினேன். பெட்டிக்குள் ஒரு விளக்கத் தாளும் இருந்தது.

ஆவணியில் விடாமல் மழை பெய்தது. ஏரியில் வலை போடுகிற துலுக்கானம் ஒருநாள் குவார்ட்டர்ஸுக்கே ஓடி வந்தான். "அக்கா, அந்த நீட்டு வாலு எலக்கோயி கூட்டாண்ட தண்ணி ஏறினு கீது. ஆம்பளக் கோயி முட்டய மார்ல அணச்சிகினு வேற எலைக்குத் தூக்கினு போவுது. இன்னா கண்றாவியோ, ஒரு தபா வந்து பாரு!"

தண்ணீரில் மிதக்கிற இலைகள்மேல் வாழும் இலைக்கோழியில் முட்டை இட்டுவிட்டுப் போவதுதான் பெட்டையின் வேலை. அடைகாத்து, குஞ்சைக் காப்பாற்றி வளர்ப்பதெல்லாம் சேவல்தான். வசந்தகுமாரி இதை எங்களுக்கு ஏற்கெனவே பாடம் எடுத்திருந்தாள். அன்று இருவரும் லீவு போட்டுவிட்டு ஏரிக்கு ஓடினார்கள்.

அவர்கள் வேலை செய்கிற முறை இது. காமிராவுக்குள் இருக்கும் வெளிச்ச முள் எப்போதோ செத்துப்போயிருந்தது. அது உயிரோடு இருந்திருந்தால் கன்வர்ட்டர் தின்பதை அதுவே கணக்கில் எடுத்துக்கொண்டிருக்கும். அது இல்லாததால், வெளிச்சம் அளக்க நான் கொடுத்த பழைய கை மீட்டரை உத்தமன் பிடித்துக்கொள்வார். பார்த்துவிட்டு, பறவை மிரளாதபடி அவள் காதோரம் எண்ணை மட்டும் சொல்வார். அவள் அதை வைத்து அழுத்துவாள். அளவு பார்ப்பது அவர் தொழில் என்பதால் அந்த எண் ஒருநாளும் பிசகியதில்லை.

கோரைப்புல்லுக்குள் முழங்கால் சேற்றில் ஸ்டாண்டை ஊன்றி, கன்வர்ட்டரை முதல்முறையாக மாட்டினார்கள். சேவல் கழுத்தை வளைத்து, ஒரு முட்டையை அலகுக்கும் நெஞ்சுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு பின்பக்கமாகவே நடந்து இலை மாறியது. வைத்துவிட்டுத் திரும்பிப் போய் அடுத்த முட்டையை எடுத்தது. வசந்தகுமாரி ரோலை அதன்மேலேயே முடித்தாள். முடிந்ததும் இரண்டு பேரும் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார்களாம்.

மறுநாள் நான் ரோலைக் கழுவித் தொங்கவிட்டேன். நெகடிவ் முழுக்கக் கறுகறுவென்று இருந்தது. தேவைக்கு மேல் வெளிச்சம் ஏறினால் நெகடிவ் அப்படித்தான் கறுக்கும். அதோடு, காமிரா அதிக நேரம் திறந்திருந்ததால் பாதிப் படங்களில் பறவை அசைந்து புகையாகிக் கிடந்தது. இனி அந்தச் சேவல் இவளுக்காக இன்னொரு தரம் முட்டை தூக்கப் போகிறதா?

சாயங்காலம் இரண்டு பேரும் ஆசையோடு வந்தார்கள். சாராள் டீ கொண்டுவந்து வைத்தாள். எனக்குச் சுற்றி வளைத்துப் பேச வராது. நெகடிவைத் தூக்கி விளக்குக்கு நேரே காட்டினேன்.

"இன்னா பண்ணீங்க? கன்வர்ட்டருக்கு ரெண்டு ஸ்டாப்தானே கூட்டச் சொன்னேன்?"

"ரெண்டுதான் கூட்டினேன் அண்ணாச்சி," என்றார் உத்தமன். "மீட்டர்ல பாத்து, ரெண்டு கூட்டித்தான் அவகிட்ட சொன்னேன்."

வசந்தகுமாரி அவரையே பார்த்தாள். "நீங்க கூட்டினீங்களா? நானும் ரெண்டு கூட்டித்தான் வச்சேன்."

"நீ எதுக்குக் கூட்டின?"

"பெட்டியில இருந்த தாள்ல போட்டிருந்துச்சு. நீங்க மறந்திருப்பீங்கன்னு நெனச்சேன். மறந்துட்டீங்களான்னு கேட்டா முகம் வாடிப்போயிரும்னு நானா வச்சேன்."

"உனக்குத் தெரியாதுன்னு நெனச்சேன். தெரியுமான்னு கேட்டா சங்கடப்படுவியேன்னுதான் நானும் சொல்லல."

சாராள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கும் அடக்க முடியவில்லை. உத்தமனும் சிரித்தார். வசந்தகுமாரி மட்டும் சிரிக்கவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து, தன் கணவரை முதல்முறை பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது மாதிரி என்கிட்டச் சொல்லாம இன்னும் என்னெல்லாம் கூட்டி வச்சிருக்கீங்க?"

சாராள் என் கையைப் பிடித்து அழுத்தினாள், நான் வாயைத் திறந்துவிடக் கூடாது என்று.

உத்தமன் டீ டம்ளரைத் திருப்பித் திருப்பி வைத்தார். பிறகு டம்ளரிடம் சொல்வது போலச் சொன்னார்: "பூந்தமல்லி ஹோம் வாசல் வரைக்கும் போயிட்டு வந்தேன், போன வருசம். உள்ள போகல. உன்னைக் கேக்காம எப்படிப் போக?"

அவள் எட்டி அவர் சட்டைக் கையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு விம்மி விம்மி அழுதாள். பத்து வருஷ அழுகை. அவர் பதறிப்போய், "வேண்டாம்னா விடு, வேண்டாம்னா விடு," என்றார். "வேணும்," என்று அவள் அதட்டினாள். "எனக்கு வேணும். நாளைக்கே போகணும்." அப்போது கடைக்குள் பாஸ்போர்ட் படம் எடுக்க ஒருவர் வந்தார். நாளைக்கு வாங்க என்று அவரைத் திருப்பி அனுப்பினேன். தொழிலில் நான் அப்படிச் செய்தது அந்த ஒரு தரம்தான்.

அந்த ரோல் ஒழுங்காக வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? படத்தைப் பார்த்துச் சந்தோஷப்பட்டு, வாங்கிக்கொண்டு, ஜபல்பூர் ரயில் ஏறியிருப்பார்கள். எங்கள் வீட்டு ஜெபத்தில் பல வருஷம் நான் அந்தக் கெட்டுப்போன ரோலுக்காகக் கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொல்லியிருக்கிறேன். சாராளும் சிரிக்காமல் ஆமென் சொல்வாள்.

படமும் முழுக்கப் போகவில்லை. ஒரே ஒரு நெகடிவில் சேவல் அசையாமல் நின்றிருந்தது. கறுத்த நெகடிவ் என்பதால் பிரிண்ட் போடும்போது விளக்கை நெடுநேரம் எரியவிட்டேன். பல தாள் வீணான பிறகு, கழுத்தை மடித்து முட்டையை அணைத்தபடி அந்தப் பறவை மெல்ல எழுந்து வந்தது. வெளிச்சம் மிஞ்சியதில் இறக்கையின் வெள்ளையில் ஒரு கோடுகூட இல்லை. ஆனாலும் அது அழகுதான்.

கையெழுத்து, கோர்ட்டு, விசாரணை என்று மாதங்கள் ஓடின. பாக்டரியில் கெஞ்சி மாற்றலைக் கோடை வரை தள்ளிவைத்தார் உத்தமன். பங்குனியில் ஹோமுக்கு வரச்சொன்னார்கள். சாட்சிக்கு நானும் சாராளும் கூடப் போனோம்.

சிஸ்டர் ஒரு பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஆறு மாதம் இருக்கும். தூக்கம் கலைந்த கோபத்தில் உதட்டைப் பிதுக்கிக்கொண்டிருந்தது. "யார் வாங்கிக்கிறீங்க?" என்று சிஸ்டர் கேட்டார். உத்தமன் வழக்கம் போல ஒரு அடி பின்னால் நகர்ந்து, "அவ கிட்டயே..." என்று ஆரம்பித்தார்.

வசந்தகுமாரி அவர் முடிக்கும்வரை காத்திருக்கவில்லை. இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு முன்னால் போனாள்.

"என்கிட்ட குடுங்க. நான்தான் அம்மா."