சுடும் முன் கூப்பிட்டவர்

தாமல் ஏரிக்கரையில் என் வேர்க்கடலைக் கொல்லையைக் கிளறிப்போட்ட காட்டுப்பன்றிகளைச் சுட, வனத்துறையிலிருந்து ஒருவர் வந்திருந்தார். ஒல்லியான மனிதர், நரைத்த மீசை. உடல் சூட்டைக் காட்டும் கருவியில் பார்த்துப் பார்த்து, வலது கண்ணைச் சுற்றி வளையம் பதிந்திருந்தது.

இரவில் யாரும் கொல்லைக்குப் போகக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். ஆனால் மோட்டாருக்குக் கரண்ட் நள்ளிரவில்தான் வரும். அதைச் சொல்லக் கூச்சப்பட்டு, நான் பாட்டுக்குப் போய் மடை திருப்பக் குனிந்தேன்.

"யாருப்பா அது? மனுசனா இருந்தா எழுந்து நில்லு!"

மண்வெட்டியோடு எழுந்தேன். எனக்குப் பின்னால் பன்றிக் கூட்டம் தடதடவென்று ஓடியது.

கூவியது சுட வந்தவர்தான். அவருடைய ஜீப் டிரைவர் தலையில் அடித்துக்கொண்டார். "தெனம் இதே வேலை சார் உங்களோட. சுடறதுக்கு முன்னாடி கூவிக் கூவி பன்னிய ஓட்டிக்கினு இருக்கீங்க!"

"பன்னி நாளைக்கும் வரும்பா. நீ போயி அங்க குனி" என்றவர், கருவியை என்னிடம் கொடுத்தார். டிரைவர் போய்க் குனிந்ததும், வெள்ளையாக ஒரு உருண்டை தெரிந்தது. கை கால் எதுவும் தெரியவில்லை. பன்றியேதான். சற்று முன் நானும் அப்படித்தான் தெரிந்திருப்பேன்.

விடிந்ததும் பார்த்தால், பாதிக் கொல்லை போயிருந்தது. "சுட வந்தவரு தூங்கிட்டாரா?" என்று சோறு போட்டுக்கொண்டே மனைவி கத்தினாள். எனக்குச் சிரிப்பு வந்தது. இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொன்னேன்.