ஒரே அம்மாவுக்கு இரண்டு திதி

அண்ணனின் கருமாதிக்கு வந்திருக்கும் உற்றார் உறவினர்க்கும் நண்பர்களுக்கும் வணக்கம். அண்ணி நினைவு மலருக்கு எழுதச் சொன்னார்கள், எழுதுகிறேன். எனக்கு இன்னும் அழுகை வரவில்லை. துக்கம் கேட்க வந்தவர்களில் சிலர் என்னைக் கட்டிப்பிடித்து அழவைத்துப் பார்த்தார்கள். பிறகு அலுத்துப் போய்க் காப்பி குடித்துவிட்டுக் கிளம்பினார்கள். உட்கார்ந்தே இருந்து கால் மரத்துப்போனால் கிள்ளினாலும் தெரியாது அல்லவா, அந்த மாதிரி இருக்கிறது. தெரிந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

அண்ணன் பிறந்தது மொரப்பூர் ரயிலடிக்கு நடந்து போகிற தூரத்தில் உள்ள எங்கள் ஊரில். அப்போது நாங்கள் சேலம் ஜில்லா. அப்பாவுக்கு மேட்டுநிலம். மழை பெய்தால் கேழ்வரகு, பெய்யாவிட்டால் கொள்ளு, இரண்டும் இல்லாத வருஷம் வாய்ப்பேச்சு. அண்ணன் மூத்தவர், நான் கடைசி. நடுவில் பிறந்த எதுவும் தங்கவில்லை. அண்ணன் தருமபுரியில் ஒரு மளிகைக்காரர் வீட்டில் தங்கி, அவர் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்து, அங்கேயே சாப்பிட்டு ஹைஸ்கூல் படித்தார். எஸ்.எஸ்.எல்.சி.யில் பள்ளிக்கே முதலாவதாக வந்தார். கெட்டிக்காரப் பிள்ளைகளுக்குச் சர்க்கார் கொடுத்த உபகாரச் சம்பளம் அவருக்கும், அவர் வகுப்பிலேயே படித்த பொம்மிடி நண்பருக்கும் கிடைத்தது. சென்னைக்குப் போய்ப் பல்கலைக்கழகப் படிப்புப் படிக்கலாம், விடுதிச் சாப்பாடும் சேர்த்து. ஒரே நிபந்தனை, திங்கட்கிழமை காலையில் கல்லூரியில் நேரில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் அடுத்த மார்க்குக்காரனுக்குப் போய்விடும்.

அது யுத்த காலம், ஆனி மாதம். அம்மா மலேரியாக் காய்ச்சலில் படுத்திருந்தார்கள். அண்ணன் சனிக்கிழமை ரயிலேற வேண்டும். ஆனால் சனிக்கிழமை கிழக்கே சூலம், அந்தத் திசையில் பயணம் ஆகாது. அப்பா அதற்கும் வழி வைத்திருந்தார். நல்ல நாளில் கிளம்ப முடியாதவர்கள், அந்த நல்ல நாளிலேயே தங்கள் பெட்டியை மட்டும் வேறொருவர் வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். அதற்குப் பரஸ்தானம் என்று பெயர். பெட்டி போய்விட்டால் ஆளும் போன மாதிரி. அதற்கப்புறம் சூலம் ஒன்றும் செய்யாது. வெள்ளிக்கிழமை காலை அண்ணனின் தகரப்பெட்டியை மொரப்பூர் ரயிலடியில் இருந்த அத்தை வீட்டில் அப்பா வைத்துவிட்டு வந்தார்.

சனிக்கிழமை விடிந்து கொஞ்ச நேரத்தில் அம்மா போய்விட்டார்கள். அண்ணன் கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்தார். பெரியம்மாவின் சத்தம் கேட்டு ஈரத்துணியோடு ஓடி வந்தார். அதற்குள் அப்பா வெளியே வந்து கதவைச் சாத்திவிட்டு நிலையை மறித்து நின்றார்.

"அம்மாவுக்கு என்னங்கப்பா?"

"உனக்கு ஒண்ணும் சேதி வரல. நீ நேத்தே வூட்ட வுட்டுப் போயிட்டவன். பரஸ்தானம் வெச்சாச்சு. போனவன் திரும்பி உள்ள வரக் கூடாது."

"ஒருக்கா பாத்துட்டுப் போயிடறேங்கப்பா."

"பாத்தீன்னா தீட்டு. கருமாதி முடியற வரைக்கும் நகர முடியாது. தூரத்துல இருக்கறவனுக்குச் சேதி போய்ச் சேர்ற அன்னிக்குத்தான் தீட்டு. நான் காயிதம் போடறேன். அது வர்ற வரைக்கும் உங்கம்மா உசுரோடதான் இருக்கா. கெளம்பு சாமி."

பெரியம்மா கதவைத் திறந்துகொண்டு வந்து கத்தினார்கள். "பெத்தவ கெடக்கறா, புள்ளைய வெளிய நிக்கவெச்சு சாஸ்திரம் பேசறீங்களே! நீங்க மனுசந்தானுங்களா?"

அப்பா என்னைக் காட்டினார். "தாய்க்குக் கடைமகன்தான் கொள்ளி வெக்கணும். சின்னவன் இருக்கான். பெரியவன் போவட்டும்." சொல்லிக்கொண்டே கதவை மறுபடி இழுத்துச் சாத்தினார். எனக்கு அப்போது ஒன்பது வயது.

ஊருக்குப் போகிற பிள்ளை பெற்றவர்களை விழுந்து கும்பிட்டுப் போவது எங்கள் பக்கத்து வழக்கம். அண்ணன் வேட்டி மாற்றிக்கொண்டு வந்து, சாத்திய கதவுக்கு நேரே வாசலில் விழுந்து கும்பிட்டார். அப்பா திருநீறு பூசினார். அவர் விரல் நடுங்கியதாக நான் எழுதினால் நன்றாக இருக்கும். ஆனால் நடுங்கவில்லை. அண்ணன் திரும்பிப் பார்க்காமல் நடந்தார். திரும்பிப் பார்க்கக் கூடாது என்பதும் வழக்கம்தான்.

ரயிலில் பொம்மிடி நண்பர் முன்னதாகவே ஏறி இடம் பிடித்து வைத்திருந்தார். "அம்மா ஒடம்பு இப்ப எப்பிடிங்க இருக்கு?" என்று கேட்டாராம். "தேவலைங்க" என்றாராம் அண்ணன். அத்தை கட்டிக்கொடுத்த புளிச்சோற்றை நண்பருக்கும் வைத்துத் தானும் சாப்பிட்டாராம். திங்கட்கிழமை போய் நின்றார்கள், இடம் கிடைத்தது.

அப்பாவின் கடிதம் ஆடி பிறந்த பிறகுதான் போனது. வேண்டுமென்றேதான் தாமதித்தார் என்று நினைக்கிறேன், கேட்டதில்லை. கடிதம் கைக்கு வந்ததும் அண்ணன் விடுதிக் குழாயடியில் தலை முழுகினாராம். உபகாரச் சம்பளத்தில் படிக்க வந்திருந்த பிள்ளைகள் எல்லோரும் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு அவரைச் சுற்றி நின்றார்களாம். நண்பருக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது. "அன்னிக்கே தெரியுமுங்களா?" என்று கேட்டதற்கு, "இன்னிக்குத்தாங்க காயிதம் வந்துச்சு" என்றாராம்.

அன்று முதல் எங்கள் குடும்பத்தில் ஒரே அம்மாவுக்கு இரண்டு திதி. நாங்கள் ஆனியில் கொடுப்போம், அண்ணன் ஆடியில் கொடுப்பார். புது மருமகள்கள் யாராவது காரணம் கேட்டால், "பெரியவர் கணக்கு வேறம்மா" என்று சொல்லி வைப்போம்.

அண்ணன் பி.ஏ. தேறினார். சர்க்கார் உத்தியோகம் பார்த்தார். யாரையும் கடிந்து பேசாதவர். என்னையும் படிக்கவைத்தார். அப்பாவைக் கடைசிவரை தம்முடனே வைத்துப் பார்த்துக்கொண்டார், முடியாத காலத்தில் தம் கையால் ஊட்டியும் விட்டார். அப்பா போனபோது மூத்தவராகக் கொள்ளி வைத்தார். அந்தச் சனிக்கிழமையைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. பெற்ற மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்பார்கள். எங்கள் வீட்டில் எது பித்து, எது கல் என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. அப்பா செய்தது சரியா என்று கேட்காதீர்கள். அந்தப் படிப்பில்தான் நாங்கள் எல்லோரும் சாப்பிட்டோம்.

இத்தகைய கட்டுரையை நன்றி சொல்லித்தான் முடிப்பார்கள். நான் இப்போதே சொல்லிவிடுகிறேன். கடைசி மாதங்களில் அண்ணனைக் கைக்குழந்தை போலப் பார்த்துக்கொண்ட மருத்துவர்களுக்கும், இரவு பகல் பாராமல் உடனிருந்த செவிலிப் பெண்ணுக்கும், நடக்க முடியாத நிலையிலும் காரில் வந்து மாலை போட்ட பொம்மிடி அண்ணனுக்கும், தோள் கொடுத்த ஊராருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

அண்ணன் போவதற்கு முந்தின வாரம், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, என்னைக் கட்டிலருகே கூப்பிட்டார். அண்ணி அடுக்களையில் இருந்தார்கள்.

"ஏண்டா, அன்னிக்கு அம்மா மொகம் எப்பிடி இருந்துச்சு?"

இத்தனை வருஷத்தில் முதல் தடவையாகக் கேட்கிறார். தூங்குகிற மாதிரி இருந்தது என்று சொல்லியிருக்கலாம். சுடுகாட்டில் என் தோளில் பானையை வைத்தார்கள், திரும்பி நில் என்றார்கள், கையைப் பின்னால் கொண்டுபோய்க் கொள்ளியை வைக்கச் சொன்னார்கள். வீட்டில் பெண்கள் கூட்டத்துக்குள் எனக்கு எட்டவில்லை. காட்டில் பயத்தில் கண்ணை மூடிக்கொண்டேன்.

"நான் பாக்கலைங்கண்ணா" என்றேன்.

அண்ணன் மெதுவாகக் கையை நீட்டி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீயுமாடா?" என்றார்.