அஷ்வின் வைத்துவிட்டுப் போன சர்வர்

இது நிஜமாக நடந்தது. கற்பனையாக இருந்தால் இவ்வளவு கேவலமான ஓர் ஆளை நான் எழுதியிருக்கமாட்டேன்.

அஷ்வின் என் தங்கை அம்ருதாவின் கணவன். அவள் அனுப்பும் ஒவ்வொரு மெயிலும் சந்தாபுராவில் இருந்த அவனுடைய ஆபீஸ் சர்வர் வழியாகத்தான் வெளியே போகும். கல்யாணமான வாரமே அப்படி செட்டிங்ஸ் போட்டுவிட்டான். அவன் படிக்காமல் ஒன்றும் போகாது. அதற்கு அவன் வைத்திருந்த பெயர், அன்பு.

போன வருஷம் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தான்.

அம்ருதாவுக்கு எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை கிடைத்தது. சம்மதம் என்று அன்றைக்குள் மெயில் அனுப்ப வேண்டும். மல்லேஸ்வரத்தில் என் வீட்டுக்கு லேப்டாப்போடு ஓடி வந்தாள். மெயில்கள் வந்தன. ஒன்றும் போகவில்லை. செட்டிங்ஸைத் திறந்து பார்த்தேன்.

"இன்னும் அவன் சர்வரே இருக்குடி. இரு, சனியனை எடுத்துடறேன்."

பழைய முகவரியை அழித்தேன். புதிய சர்வர், போர்ட் எண், பாஸ்வேர்ட் போட்டு சேவ் செய்தேன். திறந்து பார்த்தால்... பழைய முகவரி.

மறுபடி அழித்தேன்.

மறுபடி இருந்தது.

"வேணாம்க்கா. அவருக்குப் பிடிக்கலை போல."

"உயிரோட இருந்தப்போ உப்புமாகூடத்தான் பிடிக்கலை. பண்ணாம இருந்தோமா?"

பேய் நள்ளிரவில் வருமாம். இவன் சாயங்காலக் காபி நேரத்துக்கு வந்தான்.

யாரும் எதையும் தொடவில்லை. ஸ்ஸ்ப்... மெயில் போகும் சத்தம்.

லேப்டாப்பை மூடினேன்.

ஸ்ஸ்ப்...

சார்ஜரைப் பிடுங்கினேன்.

ஸ்ஸ்ப்...

அம்ருதாவின் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டாள். கம்பெனியிலிருந்து ஸ்னேஹா.

"மேடம், வேலை வேணாம்னு மூணு மெயில் அனுப்பியிருக்கீங்க. 'வீட்டில் சம்மதமில்லை'ன்னு. கன்ஃபர்மா?"

அம்ருதா மூடிய லேப்டாப்பையே பார்த்தாள்.

"அதை நான் எழுதலை. திங்கட்கிழமை வரேன்."

ஸ்ஸ்ப்... ஸ்ஸ்ப்... ஸ்ஸ்ப்...

லேப்டாப்பை வாளித் தண்ணீரில் போட்டு அமுக்கினேன்.

அடங்கியது.

மறுநாள் அவன் பார்ட்னர் நாகேஷைக் கூப்பிட்டு, அந்த சர்வரை நிறுத்தித் தொலைக்கச் சொன்னேன்.

"எந்த சர்வர்க்கா? அஷ்வின் காரியம் முடிஞ்ச மறுநாளே அதை உடைச்சு குஜரிக்காரனுக்குப் பழைய இரும்போட போட்டாச்சே. ஆபீஸ் இருந்த இடத்துல இப்ப ஜூஸ் கடை."

அம்ருதா வேலைக்குப் போகிறாள். புது மெயில், புது லேப்டாப். ஆனால் அவளுடைய பழைய மெயில் முகவரியிலிருந்து கம்பெனிக்குத் தினமும் காலையில் ஒரு மெயில் வருகிறதாம்.

ராஜினாமா.

வரும் நேரத்தை ஸ்னேஹா காட்டினாள். அம்ருதா வீட்டுக் கதவைப் பூட்டும் அதே நிமிஷம்.