தண்ணீர் தெளிக்காத நார்

என் கையெழுத்து கோணலாக இருக்கும், எழுத்துப் பிழையும் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். அஞ்சாம் வகுப்புக்கு மேல் நான் படிக்கவில்லை. ஒரு பிள்ளையின் இடது கண் போனதில் என் பங்கு என்ன என்பதை வாயால் சொல்ல எனக்கு வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

செம்பட்டி போகிற சாலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் மணி அடிப்பதும் தண்ணீர் பிடித்து வைப்பதும் என் வேலை. வீட்டில் என் மனைவி திண்டுக்கல் மார்க்கெட்டுக்குப் பூக் கட்டுகிறாள். அறிவியல் டீச்சர் புதிதாக வந்தவர், தற்காலிக வேலை. ஒரு நாள் சாயங்காலம் என்னிடம், "அண்ணே, கையை அறுக்காத கயிறு ஒண்ணும், முனையில கட்ட கனமா எதாச்சும் ஒண்ணும் வேணும். சூரியன் பூமியை எப்படிப் பிடிச்சு வச்சிருக்குன்னு பிள்ளைகளுக்குச் சுத்திக் காட்டணும்" என்றார்.

மறுநாள் காலை வாழைநாரை நனைத்து மூன்று புரியாகப் பின்னினேன். பூத் தராசின் இருநூறு கிராம் படிக்கல்லைத் துணியில் முடிந்து நுனியில் கட்டினேன். பலமாக இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை. முதல் பீரியடுக்கு அது போதும். ஈரம் இருக்கும்வரை நார் அறாது என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். காய்ந்தால் என்ன ஆகும் என்பதும் தெரியும்.

அன்றைக்குப் பார்த்து பள்ளிக்கூடத்தைப் பார்வையிட ஆபீசர் வந்துவிட்டார். பாடம் மத்தியானத்துக்குத் தள்ளிப்போனது. நார் ஜன்னல் கட்டையில் வெயிலில் கிடந்தது. நான் மறந்துபோனேன்.

சாப்பாட்டுக்குப் பிறகு டீச்சர் பிள்ளைகளை மைதானத்தில் வட்டமாக நிறுத்தி, நாரைக் கையில் எடுத்துக்கொண்டு நடுவில் நின்றார். வாளித் தண்ணீரோடு போன நான் அப்போதுதான் அதைப் பார்த்தேன். வைக்கோல் மாதிரி வெளுத்திருந்தது. ஒரு கை தண்ணீர் தெளித்து, செத்த நேரம் ஊறவிட்டால் போதும்.

இரண்டு எட்டு வைத்தேன். சமையல் அக்கா அடுப்படியிலிருந்து, "என்னப்பு, நீயும் எட்டாவது படிக்கப் போறியா? பெஞ்சு போடச் சொல்லவா?" என்றாள். பிள்ளைகள் சிரித்தார்கள். டீச்சரும் சிரித்தபடி என்னைத் திரும்பிப் பார்த்தார். எனக்குக் காது சுட்டது. ஒன்றுமில்லை என்று தலையாட்டிவிட்டு வேப்பமரத்தடியில் போய் நின்றுகொண்டேன்.

கல் சுற்ற ஆரம்பித்தது.

"என் கைதான் சூரியன், கல்லு பூமி. கயிறுன்னு ஒண்ணு அங்க கிடையாது. சூரியனோட ஈர்ப்புதான் கயிறு" என்றார் டீச்சர்.

இரட்டைச் சடை போட்ட பிள்ளை ஒன்று கேட்டது: "சூரியன் இழுத்துக்கிட்டே இருக்குன்னா பூமி ஏன் டீச்சர் அதுக்குள்ள போய் விழல?"

"பூமி சும்மா நிக்கலையே, ஓடிக்கிட்டே இருக்கு. நேரா ஓடத்தான் பாக்குது. சூரியன் இழுத்து இழுத்து வளைச்சு விடுது. அதான் சுத்தி வருது."

"இழுக்கிறத விட்டுட்டா?"

"அந்த நிமிஷம் எந்தப் பக்கம் போய்க்கிட்டிருக்கோ அந்தப் பக்கமே நேராப் போயிரும்."

எனக்கு அது நன்றாகப் புரிந்தது. அதற்கு முன் யாரும் எனக்குச் சொன்னதில்லை. கல்லின் வேகம் கூடியது. நாரிலிருந்து தூசி மாதிரி ஏதோ உதிர்ந்து வெயிலில் பறந்தது. "டீச்சர்" என்று கூப்பிட்டேன். எனக்கே கேட்காத குரல்.

நார் அறுந்த சத்தம் கேட்கவில்லை. கல் டீச்சர் சொன்ன மாதிரியே நேராகப் போனது. அந்தப் பக்கம் இரட்டைச் சடைப் பிள்ளை நின்றது.

மதுரைக்குக் கொண்டுபோயும் பார்வை திரும்பவில்லை. தலைமையாசிரியர் அறையில் விசாரித்தபோது டீச்சர், "கயிறு நான் ஏற்பாடு பண்ணினது" என்று மட்டும் சொன்னார். நான் டீ கிளாஸ்களை வைத்துக்கொண்டு கதவருகே நின்றேன். அடுத்த மாதம் அவர் வேலைக்கு வரவில்லை.

அந்தப் பிள்ளையின் அப்பா பால் ஊற்றுகிறவர். இன்றைக்கும் கேட்டைத் தாண்டும்போது வண்டியை மெதுவாக்கி, "வாரேண்ணே" என்று சொல்லிவிட்டுத்தான் போகிறார். நாளைக் காலை வண்டியை நிறுத்தச் சொல்லி இந்தத் தாளை அவர் கையில் கொடுப்பேன். அவர் படித்து முடிக்கும்வரை அங்கேயே நிற்பேன்.

புரட்டாசி பதினொன்றாம் தேதி, வியாழக்கிழமை.