மூன்று பாறைகளும் ஒரு மாப்பிள்ளையும்

படகுத்துறையில் அவரைப் பம்பரம் என்றுதான் கூப்பிடுவார்கள். கோபம் வந்தால் மனைவியும் அப்படித்தான் கூப்பிடுவாள். ஓர் இடத்தில் நிற்க மாட்டார், உட்கார மாட்டார். சாப்பாட்டுத் தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு வாசலுக்கும் சமையலறைக்குமாக நடந்தபடியே சாப்பிட்டு முடிப்பார். கல்யாணப் படத்தில்கூட அவர் முகம் மட்டும் கலங்கலாக விழுந்திருக்கும். அசையாதீர்கள் என்று படம் எடுத்தவர் சொல்லி முடிப்பதற்குள் அசைந்துவிட்டாராம்.

அவருடைய தொழிலும் அப்படி அமைந்துவிட்டது. தூண்டில் போட ஆசைப்படுகிறவர்களை மூன்று பேர், நான்கு பேராகப் படகில் ஏற்றிக்கொள்வார். கரை கண்ணுக்குத் தெரிகிற தூரத்துக்குள்ளேயே சுற்றி, மீன் பிடிக்க வைத்து, மத்தியானத்துக்குள் கொண்டுவந்து இறக்கிவிடுவார். இருபத்தைந்து வருடங்களாக இதுதான் பிழைப்பு.

இந்தத் தொழிலில் படகு பெரிதில்லை, எஞ்சின் பெரிதில்லை. இடம்தான் பெரிது. தண்ணீருக்கடியில் எந்தப் பாறையில் மீன் ஒதுங்குகிறது என்று தெரிந்தவன் பிழைப்பான். பம்பரத்துக்கு அப்படி மூன்று பாறைகள் இருந்தன. கரையிலிருக்கும் தண்ணீர்த் தொட்டியும் விளக்குக் கம்பமும் ஒன்றின்மேல் ஒன்றாகத் தெரியும்போது நங்கூரத்தை இறக்கினால் முதல் பாறை. மற்ற இரண்டுக்கும் வேறு அடையாளங்கள். எங்கேயும் எழுதி வைக்கவில்லை. படகில் ஏறுகிறவர்களின் செல்போன்களை, "நனைஞ்சிடும், குடுங்க" என்று வாங்கி ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மூடிவிடுவார். நனையாமல் இருக்க அல்ல. யாரும் இடத்தைக் குறித்துக்கொண்டு போய்விடக் கூடாது என்பதற்காக. ஒருவர் கண்டுபிடித்த பாறையில் இன்னொருவர் நங்கூரம் போடுவதில்லை என்பது அந்தத் துறையில் எல்லோரும் மதித்த கட்டுப்பாடு.

அந்த மூன்று பாறைகளும் அவரைத் தவிர இன்னும் ஒரே ஒரு ஜீவனுக்குத்தான் தெரியும். அவருடைய ஒரே மகளுக்கு. பள்ளி விடுமுறை விட்டால் அவள் படகில்தான் இருப்பாள். இரை கோர்ப்பாள், கயிறு இழுப்பாள், பயணிகளிடம் வாயடிப்பாள். "எனக்கு மகன் இல்லைன்னு யாருடா சொன்னது?" என்று துறையில் மார்தட்டிக்கொள்வார்.

அந்த மகள்தான் ஆமையைக் கல்யாணம் செய்துகொண்டாள்.

ஆமை என்பது அதே துறையில் தட்டைப் படகு ஓட்டுகிற இன்னொருவனின் பட்டப்பெயர். நங்கூரம் போட்டால் அரை நாளைக்கு அசைய மாட்டான். பேசினால் ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவில் தூங்கி எழுந்துவிடலாம். பம்பரத்துக்கு மனசில்லை. ஆனாலும் மகளின் கண்ணீரைப் பார்க்க மாட்டாமல் தலையாட்டிவிட்டார்.

கல்யாணமான மறுமாதம் ஒரு நாள் காலையில் அவர் முதல் பாறைக்குப் போனபோது, சரியாக அதன்மேல் ஆமையின் படகு நங்கூரமிட்டு நின்றது. அவருக்கு உலகமே இருண்டது. படகைத் திருப்பினார். துறையில் யாரோ கூப்பிட்டார்கள், காதில் விழவில்லை. வீட்டுக்குப் போய் மனைவியிடம், "உன் மக நான் பொத்தி வச்சதை எல்லாம் புருஷனுக்குத் தூக்கிக் குடுத்துட்டா. இனிமே அவ இந்த வீட்டுப் படி ஏறக் கூடாது" என்றார்.

மகள் வந்தாள். கதவைத் தட்டினாள். அவர் பின்வாசல் வழியாக வெளியே போய்விட்டார். இரண்டு வருடங்கள் ஓடிவிட்டன.

அன்றைக்கு அவர் படகில் மூன்று பேர் இருந்தார்கள். ஒரு பல் டாக்டர், அவர் மனைவி, மனைவியின் தம்பி. காலையிலிருந்தே பம்பரம் வழக்கத்தைவிட அதிகமாகச் சுழன்றுகொண்டிருந்தார். விடியற்காலையில் மகளுக்கு வலி எடுத்துவிட்டதென்று செய்தி வந்திருந்தது. பிரசவ நாளுக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. மனைவி பையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். "நீங்களும் வாங்களேன்" என்று வாசலில் நின்று கெஞ்சினாள். "எனக்குப் பயணிகள் இருக்காங்க" என்று இவர் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

இப்போது ஓர் இடத்தில் நங்கூரம் போடுவார், டாக்டர் தூண்டிலை வீசுவதற்குள் தூக்கிவிடுவார்.

"அண்ணே, மீனுக்கு நாம வந்தது தெரியறதுக்கு முன்னாடியே கிளம்பிடறீங்களே?" என்றார் டாக்டர்.

"உங்களைப் பார்த்தா மீனே வாயைத் திறக்காது அத்தான். பல்லைப் பிடுங்கிடுவீங்கன்னு பயம்" என்றான் மைத்துனன்.

பம்பரம் சிரிக்கவில்லை. அவர் தேடியது மீனை அல்ல. செல்போனில் சிக்னல் கிடைக்கும் இடமாகப் பார்த்துப் பார்த்துத்தான் படகை நகர்த்திக்கொண்டிருந்தார். எல்லோருடைய போனும் டப்பாவில் இருக்க, அவருடையது மட்டும் சட்டைப் பையில் நெஞ்சோடு ஒட்டிக் கிடந்தது.

அது அடித்தது.

"என்னங்க..." மனைவியின் குரல் உடைந்திருந்தது. "குழந்தைக்குத் துடிப்பு குறையுதாம். ஆபரேஷன் பண்ணணும்ங்கறாங்க. அவ புருஷனைக் கேட்டு அழறா. ஒரு தடவை அவர் முகத்தைப் பார்த்துட்டு உள்ள போறேன்னு என் கையை விட மாட்டேங்கறா. மாப்பிள்ளை வலி வர்றதுக்கு முன்னாடியே கடலுக்குப் போயிட்டார். போன் போகலை. நீங்க கடல்லதானே இருக்கீங்க? உங்களைக் கும்பிட்டுக் கேட்கறேன், தேடிக் கூட்டிட்டு வாங்க!"

தொடர்பு அறுந்தது. அவர் போனைப் பார்த்தபடி நின்றார். டாக்டரின் மனைவி எழுந்து வந்தாள்.

"உங்க பொண்ணுக்கா?"

"ஆமாம்மா."

"அப்புறம் என்ன யோசனை? தூண்டிலைச் சுருட்டுங்க எல்லாரும். நீங்க படகை விடுங்கண்ணே."

எங்கே விடுவது? பம்பரத்துக்கு அதில் ஒரு நொடிகூடச் சந்தேகம் வரவில்லை. திருடன் திருடிய வீட்டில்தானே இருப்பான்! இரண்டு எஞ்சினையும் முழு வேகத்தில் திருகிவிட்டு நேராக முதல் பாறைக்கு விட்டார். தொட்டியும் கம்பமும் ஒன்று சேர்ந்தன. தண்ணீர்தான் இருந்தது. ஒரு படகு இல்லை.

"இங்க இல்லைன்னா அடுத்ததுல இருப்பான்" என்று பல்லைக் கடித்தார்.

இரண்டாவது பாறை தெற்கே, வெகு தூரம். அலை மோதி மோதிப் படகு எகிறியது. டாக்டரின் தொப்பி பறந்து போனது. அங்கேயும் யாருமில்லை.

"ஓ, இதெல்லாம்தான் உங்க ரகசிய இடமாண்ணே?" என்று மைத்துனன் வாய் தவறிக் கேட்டான்.

"வாயை மூடுடா" என்றாள் அக்காள்.

மூன்றாவது பாறை. அவர் உயிரைப்போல் வைத்திருந்த இடம். அங்கே ஒரு கடற்பறவை மட்டும் மிதந்துகொண்டிருந்தது. இவர்களைப் பார்த்ததும் அதுவும் எழுந்து பறந்துவிட்டது.

இனி ஒரே வழிதான் இருந்தது. படகின் ரேடியோவில் பேசினால் துறையின் அத்தனை படகுகளுக்கும் கேட்கும். இரண்டு வருடங்களாக ஆமை என்றுகூடச் சொல்லாத வாய். ஒலிவாங்கியைக் கையில் எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார்.

"எல்லாரும் கேளுங்கப்பா. நான் பம்பரம் பேசறேன். என்... என் மாப்பிள்ளை எங்க இருக்கார்னு யாருக்காவது தெரியுமா? என் பொண்ணுக்கு ஆபத்து."

பிறகு ஒரு கரகரத்த குரல் வந்தது. தடிமனான கண்ணாடி போட்டதால் சோடாபுட்டி என்று பெயர் வாங்கிய பழைய வழிகாட்டி.

"கழிமுகத்துல பாருங்கண்ணே. சேத்துத் திட்டுக்குப் பக்கத்துல. அவன் ரேடியோ செத்து ஒரு வாரம் ஆச்சு."

"கழிமுகமா? அங்க என்ன மீனு இருக்கு?"

"என்னவோ கிடைச்சதைப் பிடிச்சுட்டு ரெண்டு வருஷமா அங்கதான் கிடக்கான். உங்க பாறைப் பக்கம் தலைவச்சுப் படுக்கக் கூடாதுன்னு உங்க பொண்ணு சத்தியம் வாங்கியிருக்கு. அது எங்கன்னு சொல்லவும் மாட்டேன்னுடுச்சாம்."

"பொய்! நான் என் கண்ணால பார்த்தேன்..."

"நீங்க பார்த்த அன்னிக்கு அவன் எஞ்சின் நின்னு போச்சுண்ணே. நீரோட்டம் இழுத்துட்டுப் போகுதேன்னு கைக்கு வந்த இடத்துல நங்கூரத்தைப் போட்டான். எனக்குப் போன் பண்ணான், நான்தான் போய்க் கட்டி இழுத்துட்டு வந்தேன். கிளம்பறப்பவே அதைச் சொல்லத்தான் துறையில உங்களைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தேன். நீங்க எங்க நின்னீங்க கேட்கறதுக்கு?"

பம்பரம் படகைக் கழிமுகத்துக்குத் திருப்பினார். கன்னத்தில் வழிந்தது உப்புத் தண்ணீரா கண்ணீரா என்று டாக்டரின் மனைவிக்குத் தெரியவில்லை. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கழிமுகம் அவர்கள் காலையில் புறப்பட்ட துறைக்குப் பக்கத்திலேயே இருந்தது. முதலிலேயே திரும்பியிருந்தால் எப்போதோ போய்ச் சேர்ந்திருக்கலாம். மூன்று பாறைகள் தின்ற நேரம்!

போய்ச் சேர்ந்தபோது தண்ணீர் வற்றியிருந்தது. ஆமையின் தட்டைப் படகு சேற்றில் அடி தட்டி உட்கார்ந்திருந்தது. அதில் ஒரு வயதான தம்பதி குடை விரித்துத் தூண்டில் பிடித்திருந்தார்கள். பம்பரத்தின் படகு உள்ளே போக முடியாது.

"மாப்பிள்ளை!" அந்த ஒரு சொல்லில் தொண்டை கிழிந்தது. "அவளை ஆபரேஷனுக்குக் கொண்டு போறாங்க! ஓடி வாங்க!"

பேசுவதற்கே யோசிக்கிற ஆமை அன்று யோசிக்கவில்லை. அப்படியே குதித்தான். இடுப்பளவு சேறு. விழுந்தான், எழுந்தான், மறுபடி விழுந்தான். பம்பரமும் இந்தப் பக்கம் குதித்தார். பாதி வழியில் இருவரும் எதிர்ப்பட்டார்கள்.

"மாமா, அவங்க ரெண்டு பேரும் படகுல..."

"அவங்களோட நான் இருக்கேன். என் படகை எடுத்துட்டுப் போங்க. சாவி அதுலயே இருக்கு."

அவர் படகின் சக்கரத்தை இன்னொருவர் தொட்டு அந்தத் துறை பார்த்ததில்லை. இரண்டு எஞ்சினும் உறும, டாக்டர் குடும்பத்தோடு அது கண்ணில் இருந்து மறைந்தது.

பம்பரம் சேறு சொட்டச் சொட்டத் தட்டைப் படகில் ஏறினார். நீர் ஏறும் வரை அந்தப் படகு அசையாது. போனை எடுத்தார், சேற்றில் குளித்து உயிரை விட்டிருந்தது. அந்தப் படகின் ரேடியோ முன்பே செத்தது. முன்பக்கம் போனார், பின்பக்கம் வந்தார். நங்கூரக் கயிற்றை அவிழ்த்தார், கட்டினார். தண்ணீரில் கையை விட்டு ஆழம் பார்த்தார்.

"உட்காருங்க தம்பி" என்றாள் அந்த அம்மாள். "நீங்க நடந்தா தண்ணி ஏறிடுமா?"

"பொண்ணும்மா. ஒரே பொண்ணு."

"தெரியும். அவர் வாராவாரம் சொல்வாரே. பெண்ணா பிறந்தா அப்பா வாயாலதான் பேரு வைக்கணும்னு உங்க மக அடம் பிடிக்கறாளாம்."

பம்பரம் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குலுங்கினார். கிழவர் தூண்டிலைக் கீழே வைத்துவிட்டுத் தன் துண்டை நீட்டினார். அந்தத் தண்ணீர் ஏறிய வேகம் இருக்கிறதே! ஒரு நண்டு கரையோரம் ஏறி இறங்கி, மறுபடி ஏறியது. அதைப் பார்ப்பதைத் தவிர அவருக்கு வேறு வேலை இல்லை. வாழ்க்கையில் முதல் முறையாக ஓடுவதற்கு இடமில்லாமல் அவர் தன் நினைப்போடு தனியாக மாட்டிக்கொண்டார். தட்டப்பட்ட கதவும், தான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நழுவிய பின்வாசலும் திரும்பத் திரும்ப வந்தன.

படகு மிதந்ததும் தம்பதியைத் துறையில் இறக்கிவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். மாடிப்படி முழுக்கச் சேற்றுத் தடம். துப்புரவுப் பெண் துடைப்பத்தோடு திட்டிக்கொண்டே பின்னால் வந்தாள். அறை வாசலில் மனைவி நின்றாள். அவள் முகத்தைப் பார்த்ததும் அவர் அப்படியே நின்றுவிட்டார்.

"பொண்ணு பிறந்திருக்கா. ரெண்டு பேரும் பிழைச்சுட்டாங்க" என்றாள். பிறகு மெதுவாக, "ஆனா மாப்பிள்ளை வர்றதுக்குள்ள அவளை உள்ள கொண்டு போயிட்டாங்க. கதவு மூடற வரைக்கும் திரும்பித் திரும்பிப் பார்த்துட்டே போனா."

உள்ளே ஆமை குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் நின்றான். மகள் கண்ணைத் திறந்தாள். உதடு வறண்டிருந்தது.

"அப்பா."

"அம்மாடி..."

"எங்கெல்லாம் தேடினே?"

பொய் சொல்லியிருக்கலாம். மனைவி பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்தாள். ஆனால் அவர் சொல்லிவிட்டார்.

"நம்ம பாறையில. மூணுலயும். அப்புறம்தான் கேட்டுட்டு அங்க போனேன்."

மகள் மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்த்தாள். கண்ணோரம் ஒரு துளி உருண்டு தலையணையில் இறங்கியது.

"அவர் அங்க இருந்திருந்தா? அப்பவும் கூட்டிட்டு வந்திருப்பியா? இல்ல அன்னிக்கு மாதிரி படகைத் திருப்பிட்டுப் போயிருப்பியா?"

கதவு திறந்துதான் இருந்தது. பம்பரம் நகரவில்லை.

"கூட்டிட்டுத்தான் வந்திருப்பேன்" என்றார். "ஆனா வழியெல்லாம் அவரைத் திட்டிட்டே வந்திருப்பேன். உன்னையும் சேர்த்து. தப்பு என்னுதுன்னு எனக்குக் கடைசி வரைக்கும் தெரிஞ்சிருக்காது."

ஜன்னல் பக்கமிருந்து ஆமை, ஒவ்வொரு சொல்லாக, "எனக்கு... அதுவும்... பரவாயில்லை மாமா" என்றான்.

மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததும் தையல் இழுத்து வலித்தது; வலியில் அழுதாள். அழுதுகொண்டே, "நான் தட்டினப்ப நீ உள்ளதான் இருந்தேன்னு எனக்குத் தெரியும்பா. அதை மறக்க எனக்குக் கொஞ்ச நாளாகும்" என்றாள்.

"ஆகட்டும்" என்றார் அவர். "நான் தினமும் வந்து தட்டறேன். நீ எப்பத் திறக்கறியோ திற."

"முதல்ல போய்க் கையைக் கழுவு. சேத்துக் கையோட என் பிள்ளையைத் தொடாதே."

அவர் கழுவப் போனார். முழங்கை வரை சோப்புப் போட்டு, நகக்கண் ஒவ்வொன்றாகத் தேய்த்து, ஈரம் போகத் துடைத்துக்கொண்டு வந்து, இரண்டு கையையும் மாப்பிள்ளையிடம் நீட்டினார்.